காட்டில் வேலை, தன்னார்வச் சேவை, டிரெக்கிங்: திருவனந்தபுரத்தைச் சுற்றி உங்களுக்கு என்ன வழி இருக்கிறது?

ஆண்டுதோறும் அகத்தியர்கூடம் மலையேற்றத்துக்கு ஆன்லைன் பதிவு திறக்கும். திறந்த கொஞ்ச நேரத்திலேயே இடங்கள் தீர்ந்துவிடும். கிடைத்தவர்கள் லீவு போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். கிடைக்காதவர்கள் 'சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவார்கள்.

ஆனால் காட்டோடு நமக்கு இருக்கக்கூடிய தொடர்பு அந்த மூன்று நாள் டிரெக்கிங் மட்டும்தானா? வனத்துறையில் வேலைக்குப் போக என்ன படித்திருக்க வேண்டும்? வேலையை விடாமல் வார இறுதியில் தன்னார்வலராக உதவ முடியுமா? அப்படி உதவப் போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? அங்கேயே பிறந்து வளர்ந்த காணி மக்களுக்கு இதில் என்ன பங்கு?

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும், அல்லது நெல்லை, குமரியில் இருந்து அங்கு போய்வரும் தமிழ் இளைஞர்களுக்காக இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

திருவனந்தபுரத்தைச் சுற்றி என்னென்ன காடுகள் இருக்கின்றன?

நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் நெய்யாறு அணை. அதை ஒட்டி நெய்யாறு வனவிலங்கு சரணாலயம். 1958-ல் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 128 சதுர கிலோமீட்டர். இதன் பக்கத்திலேயே 1983-ல் அறிவிக்கப்பட்ட பேப்பாறை சரணாலயம், 53 சதுர கிலோமீட்டர். நகரத்தின் குடிநீருக்கு முக்கிய ஆதாரமான பேப்பாறை அணை இங்கேதான் இருக்கிறது. வடகிழக்கே போனால் பொன்முடி. அதையும் தாண்டி கொல்லம் மாவட்டத்தில் செந்துருணி சரணாலயம்.

இவை எல்லாம் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதிகள். 2001-ல் இந்திய அரசு அறிவித்த இந்தக் காப்பகம், 2016 மார்ச்சில் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. மொத்தப் பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்குச் சற்று அதிகம் கேரளத்தில், மீதி தமிழ்நாட்டில்.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்ட இது, மாநிலத்தின் முதல் புலிகள் காப்பகம். தாமிரபரணி பிறப்பது இங்கே. நெல்லையில் நாம் பொதிகை மலை என்று சொல்வதும், திருவனந்தபுரத்தில் அகஸ்தியார்கூடம் என்று சொல்வதும் ஒரே மலைத்தொடரைத்தான். உச்சியின் உயரம் 1,868 மீட்டர்.

மலை ஒன்றுதான். ஆனால் நிர்வாகம் இரண்டு, சட்டம் இரண்டு, அனுமதி தரும் அலுவலகமும் இரண்டு. கேரள வனத்துறை கொடுத்த பெர்மிட்டை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கிவிட முடியாது.

அமெரிக்காவின் 'நேஷனல் ஃபாரஸ்ட்' மாதிரி இங்கே உண்டா?

இணையத்தில் காட்டு வேலை, தன்னார்வச் சேவை என்று தேடினால் அதிகம் வருவது அமெரிக்காவின் தேசிய வனங்களைப் பற்றிய தகவல்தான். அங்கே 154 தேசிய வனங்கள் உள்ளன. பொதுமக்கள் கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம், நடக்கலாம். தன்னார்வலர்களுக்கென்றே 1972-ல் தனிச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டப்படி பதிவு செய்து வேலை செய்யும் தன்னார்வலர் காயம்பட்டால், அரசு ஊழியருக்குக் கிடைப்பது போன்ற இழப்பீடு அவருக்கும் கிடைக்கும்.

இந்தியாவில் ஏற்பாடே வேறு. இங்கே காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று வகைகள் இருக்கின்றன. பொதுவான விதி, அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்பதுதான்.

சரணாலயத்துக்குள் யார் போகலாம் என்பதை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. பணியில் இருக்கும் அரசு ஊழியர், அங்கே குடியிருக்க அனுமதிக்கப்பட்டவர், உள்ளே நிலம் வைத்திருப்பவர், பொதுச் சாலையில் கடந்து போகிறவர் என்று பட்டியல் சின்னது. மற்றவர்கள் 28-வது பிரிவின்படி பெர்மிட் வாங்க வேண்டும். ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா போன்ற காரணங்களுக்கு பெர்மிட் கிடைக்கும்.

காப்புக்காடுகளுக்கு கேரளத்தில் 1961-ம் ஆண்டு கேரள வனச் சட்டமும், தமிழ்நாட்டில் 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டமும் பொருந்தும். 'யாரும் தடுக்கலையே, போர்டும் இல்லையே' என்பது சட்டத்தின் முன் பதில் ஆகாது.

வனத்துறையில் வேலைக்குச் சேர என்ன வழி?

மேலிருந்து கீழே பார்க்கலாம்.

முதலில் இந்திய வனப் பணி, அதாவது ஐஎஃப்எஸ். ஐஏஎஸ், ஐபிஎஸ் போல இதுவும் அகில இந்தியப் பணி. 1966-ல் தொடங்கப்பட்டது. யுபிஎஸ்சி நடத்தும் தேர்வு. 2013 முதல், சிவில் சர்வீசஸ் முதல்நிலைத் தேர்வையே இதற்கும் எழுத வேண்டும். மெயின் தேர்வு தனி.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: இன்ஜினீயரிங் படித்தவர்களும் இதை எழுதலாம். வனவியல், வேளாண்மை, பொறியியல் பட்டதாரிகளும், தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றைப் பட்டப்படிப்பில் படித்தவர்களும் தகுதி உடையவர்கள். இந்தப் பாடங்கள் எதையும் படிக்காமல் பி.காம், பி.ஏ மட்டும் முடித்தவர்களுக்கு வழி இல்லை. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 21 முதல் 32.

எழுத்துத் தேர்வில் ஜெயித்தால் மட்டும் போதாது. ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டரும், பெண்கள் அதே நேரத்தில் 14 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும். பயிற்சி டேராடூனில்.

அடுத்து, மாநில வனத்துறைப் பணிகள். கேரளத்தில் ரேஞ்ச் ஃபாரஸ்ட் ஆபீசர், செக்‌ஷன் ஃபாரஸ்ட் ஆபீசர், பீட் ஃபாரஸ்ட் ஆபீசர் என்று படிநிலை இருக்கிறது. முன்பு ஃபாரஸ்ட் கார்டு என்று அழைக்கப்பட்டவர்தான் இப்போது பீட் ஃபாரஸ்ட் ஆபீசர். இதற்கு அடிப்படைத் தகுதி பிளஸ் டூ. உயரம், மார்பளவு, கண்பார்வை, ஓட்டம் எல்லாம் பார்ப்பார்கள். தேர்வு நடத்துவது கேரள பிஎஸ்சி. அதன் தலைமையகம் திருவனந்தபுரம் பட்டத்தில் இருக்கிறது. வனத்துறையின் தலைமையகம் வழுதக்காட்டில். பயிற்சி நிலையங்கள் அரிப்பாவிலும் வாளையாரிலும் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் என்றால் டிஎன்பிஎஸ்சி. உதவி வனப் பாதுகாவலர் பதவிக்கு குரூப் 1ஏ, வனத் தொழில் பழகுநர் பதவிக்கு குரூப் 6. வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்களுக்கு முன்பு தனித் தேர்வுக் குழுமம் இருந்தது. 2024 முதல் அவை குரூப் 4 அறிவிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. வனக்காப்பாளருக்கு அறிவியல் பாடத்துடன் பிளஸ் டூ, வனக்காவலருக்குப் பத்தாம் வகுப்பு. அந்தக் குரூப் 4 அறிவிப்பிலேயே பழங்குடி இளைஞர்களுக்கென்று தனியாக வனக்காவலர் பணியிடங்களும் இருந்தன.

அரசுத் தேர்வு எழுதாமல் காட்டில் வேலை செய்ய முடியாதா?

முடியும். ஆனால் சம்பளமும் பணி நிரந்தரமும் ஒரே மாதிரி இருக்காது.

ஆராய்ச்சி ஒரு வழி. திருவனந்தபுரம் பாலோட்டில் ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1979-ல் தொடங்கப்பட்டது. திருச்சூர் அருகே பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், கோவையில் சாலிம் அலி மையம், டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம். இங்கெல்லாம் திட்ட அடிப்படையில் ஆள் எடுப்பார்கள். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டு ஒப்பந்தம்.

படிப்பை மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, திருச்சூர் வெள்ளானிக்கரையில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வனவியல் கல்லூரி, மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியின் வனவிலங்கு உயிரியல் படிப்பு, போபாலில் உள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனம் ஆகியவை தெரிந்த பெயர்கள். தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் பசுமைப் புத்தாய்வுத் திட்டமும் இளம் பட்டதாரிகளுக்கானதுதான்.

ஐடி துறையில் இருப்பவர்களின் திறமைக்கும் இங்கே தேவை உண்டு. செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் தயாரிப்பது, கேமரா பொறியில் பதிவாகும் ஆயிரக்கணக்கான படங்களைப் பிரிப்பது, காட்டுத்தீ எச்சரிக்கைத் தகவலைக் கையாள்வது எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலைகள்தான்.

உண்மையில் காட்டைக் காப்பது யார்?

பதவிப் பெயர்ப் பட்டியலின் அடியில், பல நேரங்களில் பட்டியலுக்கே வெளியில் இருக்கிறவர் தற்காலிக வாட்ச்சர். தினக்கூலி. தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, யானை ஊருக்குள் வந்தால் விரட்டுவது, இரவு ரோந்து, டிரெக்கிங் வருபவர்களுக்கு வழிகாட்டுவது எல்லாம் இவர்கள் தோளில்தான். சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது என்ற புகார் கேரளத்தில் அவ்வப்போது செய்தியாகிறது.

2022 மே மாதம் பாலக்காடு சைலன்ட் வேலியில் பணியில் இருந்த ஒரு வாட்ச்சர் காணாமல் போனார். வாரக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. 2023 ஜனவரியில் இடுக்கி மாவட்டத்தில் யானைகளைக் கண்காணித்துவந்த ஒரு வாட்ச்சரை யானையே கொன்றது. 2024 பிப்ரவரி 16 அன்று வயநாட்டின் குறுவா தீவு சுற்றுலா மையத்தில் வேலை பார்த்த ஊழியர் ஒருவர் யானை தாக்கி இறந்தார். மறுநாள் வயநாட்டில் முழு அடைப்பு நடந்தது. அடுத்த மாதமே, மனித – விலங்கு மோதலை மாநிலப் பேரிடராக கேரள அரசு அறிவித்தது.

நாம் 200, 300 ரூபாய் டிக்கெட் எடுத்துப் போகும் 'ஈகோ டூரிசம்' இப்படிப்பட்டவர்களின் உழைப்பில்தான் ஓடுகிறது. கேரளத்தில் இந்த மையங்களைப் பெரும்பாலும் நடத்துவது வன சம்ரக்ஷண சமிதி எனப்படும் உள்ளூர் மக்கள் குழுக்கள். சரணாலயங்களில் இதற்குச் சூழல் மேம்பாட்டுக் குழு என்று பெயர். தமிழ்நாட்டில் கிராம வனக்குழு.

இந்த ஏற்பாட்டின் வேர் 1988-ம் ஆண்டு தேசிய வனக் கொள்கையில் இருக்கிறது. காட்டை ஒட்டி வாழும் மக்களைச் சேர்த்துக்கொண்டுதான் காட்டைக் காக்க முடியும் என்றது அந்தக் கொள்கை. 1990 ஜூனில் மத்திய அரசு அதற்கான வழிகாட்டுதலை மாநிலங்களுக்கு அனுப்பியது.

தேக்கடி இதற்கு நல்ல உதாரணம். பெரியாறு புலிகள் காப்பகத்தில் சட்டவிரோதமாக வயணை மரப்பட்டை உரித்துக்கொண்டிருந்தவர்களை 1990-களின் பிற்பாதியில் வனத்துறை ஒரு குழுவாகச் சேர்த்தது. காட்டின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். இன்று அந்தக் குழு சுற்றுலாப் பயணிகளை டிரெக்கிங் அழைத்துச் செல்கிறது, கூடவே ரோந்தும் நடக்கிறது. அதே குமுளிப் பகுதியில் 'வசந்த சேனை' என்ற பெண்கள் குழு சந்தன மரங்களைக் காக்கக் கூலி வாங்காமல் முறை வைத்துக் காட்டில் சுற்றியது.

இன்னொரு முக்கியமான மாற்றம், பீட் ஃபாரஸ்ட் ஆபீசர் பணிக்கு காட்டை நம்பி வாழும் பழங்குடியினரிலிருந்து 500 பேரைச் சிறப்புத் தேர்வு மூலம் எடுக்க கேரள அரசு முடிவு செய்தது. தினக்கூலி வாட்ச்சராகவே காலம் கழித்த குடும்பங்களில் இருந்து சீருடை அணிந்த நிரந்தர ஊழியர்கள் வர இது வழி திறந்தது.

காணி மக்களின் அறிவுக்கு என்ன விலை?

இந்தக் கேள்விக்கு அகத்தியமலையே ஒரு பதிலை வைத்திருக்கிறது. 1987-ல் விஞ்ஞானிகள் குழு ஒன்று இந்தக் காட்டில் ஆய்வுக்குப் போனது. வழிகாட்டியாக வந்த காணிகள் களைப்பே இல்லாமல் நடந்தார்கள். நடுநடுவே ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டிருந்தார்கள். விஞ்ஞானிகள் கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கி, பிறகு காட்டிக்கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோடு நிறுவனம் அந்தச் செடியை வைத்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவையைச் சேர்ந்த ஆரிய வைத்திய பார்மசிக்கு 7 ஆண்டு தயாரிப்பு உரிமம் தரப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இதில் பாதியை காணி மக்களுக்குத் தருவது என்று முடிவானது. அதற்காக 1997-ல் கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் பதிவு செய்யப்பட்டது.

பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த உலகின் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று என்று இது பேசப்பட்டது. ஆனால் கதை அங்கேயே சுபமாக முடியவில்லை. காப்புக்காட்டில் இருந்து இலையைப் பறிக்க வனத்துறை அனுமதிப்பதில் சிக்கல் வந்தது. எல்லாக் காணிகளையும் முதலிலேயே கலந்து பேசினார்களா என்ற கேள்வியும் எழுந்தது.

காட்டைப் பற்றி யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டால், அவருக்கு என்ன திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பது தன்னார்வலருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் முதல் மரியாதை.

வேலையை விடாமல் தன்னார்வலராக என்ன செய்யலாம்?

நான்கு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

முதலாவது, பாம்பு மீட்பு. கேரள வனத்துறை 2020-ல் 'சர்ப்பா' என்ற செயலியை அறிமுகப்படுத்தியது. வீட்டுக்குள் பாம்பு வந்தால் இதில் தகவல் கொடுக்கலாம். பக்கத்தில் இருக்கும், வனத்துறையிடம் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய தன்னார்வலர் வருவார். சான்றிதழ் இல்லாமல் பாம்பு பிடிக்க யாருக்கும் அனுமதி இல்லை. வித்தை காட்டுவதற்கு இங்கே இடமில்லை. கொக்கியும் பையும் வைத்து, கையால் தொடாமல் பிடிக்கும் முறையைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பாம்புகளைப் பிடித்துப் புகழ்பெற்ற திருவனந்தபுரத்தின் வாவா சுரேஷையே 2022 ஜனவரியில் கோட்டயத்தில் நல்லபாம்பு கடித்தது. சிகிச்சைக்குப் பிறகு பிழைத்தார். 2025 ஜூலையில் பேப்பாறை பக்கம் ஓர் ஓடையில் இருந்த ராஜநாகத்தை பருத்திப்பள்ளி ரேஞ்சைச் சேர்ந்த பெண் பீட் ஃபாரஸ்ட் ஆபீசர் ஒருவர் நிதானமாகப் பிடித்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அந்த நிதானத்துக்குப் பின்னால் இருப்பது பயிற்சி.

இரண்டாவது, பறவைக் கணக்கெடுப்பு. புதிதாக வருபவர்களுக்கு இதுதான் சுலபமான வாசல். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து கேரளப் பறவை அட்லஸை உருவாக்கினார்கள். 3 லட்சம் பதிவுகள், 361 பறவை இனங்கள். டாக்டர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், ஐடி ஊழியர்கள் என்று பலரும் வார இறுதிகளில் செய்த வேலை அது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டை மாடியில் நின்றுகூட இதில் சேரலாம், யார் பெர்மிட்டும் வேண்டாம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக்காரர்களுக்கு 2011 முதல் ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. மணிமுத்தாறில் உள்ள ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

மூன்றாவது, வனத்துறை நடத்தும் விலங்குக் கணக்கெடுப்பு. 2025 ஏப்ரலில் கேரளமும் தமிழ்நாடும் ஒரே நேரத்தில் வரையாடு கணக்கெடுப்பை நடத்தின. கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303, மொத்தம் 2,668 வரையாடுகள் என்று முடிவு வந்தது. இம்மாதிரிக் கணக்கெடுப்புகளில் வனத்துறையினர்தான் முதுகெலும்பு. தேவைப்படும்போது அனுபவமுள்ள தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். பறவைக் கணக்கெடுப்பில் பழகியவர்களுக்கு இங்கே வாய்ப்பு அதிகம். புலிக் கணக்கெடுப்புக்கு முதல் நாளே போய் நிற்க முடியாது.

நான்காவது, இயற்கை முகாம்கள். நெய்யாறு, அரிப்பா போன்ற இடங்களில் கேரள வனத்துறை மாணவர்களுக்கு இயற்கைக் கல்வி முகாம் நடத்துகிறது. கல்லூரி, பள்ளி, அமைப்பு வழியாகத்தான் பெரும்பாலும் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பழைய பள்ளிக்காக நீங்கள் ஏற்பாடு செய்து கொடுக்கலாம். அக்டோபர் 2 முதல் 8 வரை வனவிலங்கு வாரம். அந்த நாட்களில் போட்டிகளும் நிகழ்ச்சிகளும் நடக்கும்.

சும்மா பார்க்கப் போகிறேன், அவ்வளவுதான். எங்கே போகலாம்?

அதுவும் தப்பில்லை. நெய்யாறில் படகுச் சவாரி, முதலைப் பண்ணை. கோட்டூர் காப்புகாட்டில் யானை மறுவாழ்வு மையம். பொன்முடி போகும் வழியில் கல்லாறு, மீன்முட்டி அருவி. ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். மழை கொட்டினால் மூடிவிடுவார்கள் என்பதால் கிளம்பும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அகத்தியர்கூடம் கொஞ்சம் கடினம். விதுரா தாண்டி போணக்காட்டில் தொடங்கி, முதல் நாள் அதிருமலை முகாமில் தங்கி, இரண்டாம் நாள் உச்சி ஏறி இறங்க வேண்டும். மூன்றாம் நாள் திரும்பி வர வேண்டும். ஜனவரி நடுவில் தொடங்கி சில வாரங்கள்தான் சீசன். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு. உடல் தகுதிக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும். பிளாஸ்டிக், மது, பூஜைப் பொருட்கள் எதற்கும் அனுமதி இல்லை.

நீண்ட காலமாகப் பெண்கள் இந்த மலையில் ஏற முடியாமல் இருந்தது. அகத்திய முனி தங்கள் குலதெய்வம், சிலை இருக்கும் இடத்துக்குப் பெண்கள் போவது வழக்கம் இல்லை என்று காணி மக்கள் தரப்பு சொன்னது. டிரெக்கிங்கில் பாலின வேறுபாடு காட்டக் கூடாது என்று 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறை மக்கள் தொடர்பு அதிகாரி தன்யா சனல் உச்சி ஏறினார். காணிகள் மறியல் செய்யாமல், பிரார்த்தனை பாடி எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். இப்போது பெண்களும் வழக்கமாகப் போகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, மிதமானது, கடினம் என்று மூன்று வகை. ஆன்லைனில் பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர், பழங்குடி இளைஞர்கள் கைடாக வருவார்கள்.

அனுமதி விஷயத்தில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

2018 மார்ச் 11-ஐ நினைத்துப் பாருங்கள். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் டிரெக்கிங் போன குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பலர் சென்னை, ஈரோடு பக்கத்திலிருந்து போன இளைஞர்கள். அனுமதி வாங்கிய பாதை எது, போன பாதை எது என்ற கேள்வி விசாரணையில் முக்கியமானது. அதன் பிறகுதான் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது.

பெர்மிட் என்பது வெறும் காகிதம் மாதிரித் தெரியலாம். ஆனால் எத்தனை பேர், எந்தப் பாதையில், எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள் என்று வெளியில் இருக்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கள் திரும்பவில்லை என்றால் தேடி வரப்போவது அதே தினக்கூலி வாட்ச்சர்தான். அனுமதி இல்லாமல் போனால், நம்மோடு சேர்த்து அவர் உயிரையும் பணயம் வைக்கிறோம்.

தன்னார்வலராகச் சேரும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

எந்த அமைப்பு அழைத்தாலும் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இருக்கிறதா? 'ரேஞ்சர் தெரிஞ்சவர்தான்' என்பது அனுமதி கிடையாது.

இரண்டு, விபத்துக் காப்பீடு இருக்கிறதா? அமெரிக்காவில் உள்ளது போன்ற தனிச் சட்டம் இங்கே இல்லை. தன்னார்வலரை ஊழியராகக் கருத மாட்டார்கள். காப்பீட்டை யார் எடுக்கிறார்கள் என்று முன்பே தெளிவாகத் தெரிய வேண்டும். உங்கள் கம்பெனி இன்சூரன்ஸில் இம்மாதிரி விபத்து அடங்குமா என்றும் ஹெச்ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

மூன்று, பணம் கேட்கிறார்களா? சாப்பாடு, தங்குமிடத்துக்குக் கேட்டால் நியாயம். 'சேவை செய்ய' பெரிய தொகை கேட்டால் அது சுற்றுலா பேக்கேஜ். அதற்கான விலையா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான்கு, நீங்கள் இலவசமாகச் செய்யப்போகும் வேலை யாருடைய கூலி? குப்பை பொறுக்குவது, தீத்தடுப்புக் கோடு வெட்டுவது போன்றவை உள்ளூர்க் குடும்பங்களுக்கு வருமானம் தருபவை. அதை நாம் ஓசியில் செய்து கொடுத்து ஃபோட்டோ போட்டால், நஷ்டம் அவர்களுக்குத்தான். நம்மிடம் இருந்து அவர்களுக்குத் தேவைப்படுவது வேறாக இருக்கலாம். சமிதியின் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒருவர், பிள்ளைகளுக்குப் பிஎஸ்சி தேர்வுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர்.

ஐந்து, எடுத்த தகவலும் படமும் எங்கே போகும்? அரிய செடி, பறவைக் கூடு, யானை வழித்தடம் இருக்கும் இடத்தை இன்ஸ்டாகிராமில் லொகேஷனோடு போட்டால், அடுத்த வாரம் அங்கே ஐம்பது பேர் நிற்பார்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஐஎஃப்எஸ் கனவு இருந்தால் யுபிஎஸ்சி அறிவிப்பில் உங்கள் பட்டப்படிப்பு தகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாநிலப் பணி என்றால் கேரள பிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி இரண்டின் இணையதளங்களையும் மாதம் ஒருமுறை எட்டிப்பாருங்கள். பதவிப் பெயரும் தகுதியும் அவ்வப்போது மாறுகின்றன.

சேவை என்றால் இந்த வாரமே பக்கத்துக் குளத்தில் பறவை பார்ப்பதில் இருந்து தொடங்கலாம். ஆறு மாதம் தொடர்ந்து பதிவு செய்தால், அடுத்த கணக்கெடுப்புக்கு உங்களையும் கூப்பிட வாய்ப்பு உண்டு. பாம்பு மீட்பில் ஆர்வம் என்றால் வனத்துறையின் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். அதுவரை கொக்கியைக் கையில் எடுக்க வேண்டாம்.

சும்மா நடந்துவிட்டு வர நினைத்தால் நெய்யாறு, பொன்முடி, கோட்டூர். டிக்கெட்டை உள்ளூர்ச் சமிதியின் கவுண்டரில் வாங்குங்கள். கைடின் பெயரைக் கேளுங்கள், அவர் காட்டும் வழியில் நடங்கள். கொண்டு போன தண்ணீர் பாட்டிலை மறக்காமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.